ஒப்பரேஷனுக்குப் பிறகு நாயின் சிறுநீரகம் பழுதானால்: சலம், நிறை, சாப்பாடு

கேள்வி இதுதான். உப்புவெளியில் ஒரு வீட்டுப் பெட்டை நாய், ஒன்பது வயது, 14 கிலோ. கருப்பையில் சீழ் கட்டியதால் கருப்பையை எடுத்து ஐந்து நாளாகிறது. மூன்று நாள் சேலைன் ஏற்றி வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். இப்போது இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 6.2, பொஸ்பரஸ் 9.8, பொட்டாசியம் 5.1. சலம் போகிறது. சத்தி எடுக்கிறது, சாப்பாட்டை மணந்துவிட்டு முகத்தைத் திருப்புகிறது. மீன் கஞ்சி கொடுத்துப் பார்க்கிறார்கள். வலிக்குப் பனடோல் கொடுக்கலாமா, சேலைனை வீட்டிலேயே ஏற்றலாமா, இது இனிப் பிழைக்குமா என்று கேட்கிறார்கள்.

பனடோல் வேண்டாம். 500 மி.கி. குளிசை ஒன்று 14 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 35 மி.கி.க்கு மேல் வருகிறது. வைத்தியர்கள் நாய்க்கு எழுதும்போதுகூட 10 முதல் 15 மி.கி. அளவில்தான் எழுதுவார்கள், அதுவும் ஈரல் நிலை பார்த்து. டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென் இரண்டையும் வீட்டில் கண்ணிலேயே காட்டக் கூடாது. ஒப்பரேஷனுக்குப் பிறகு மெலொக்சிகாம் அல்லது டோல்ஃபெனமிக் ஊசி போடப்பட்டிருந்தால் அது இனித் தொடரக் கூடாது என்று டொக்டரிடம் நேரே சொல்லிவிடுங்கள். இந்த வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. நல்ல சிறுநீரகம் அதைத் தாங்கும், இது தாங்காது. வலிக்கு புப்ரெனோர்ஃபின் ஊசி நல்லது. கபாபென்டின் கொடுத்தால் அளவைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது.

நுண்ணுயிர்க்கொல்லியின் பெயரையும் கேளுங்கள். ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் மூன்றும் சிறுநீரகக் குழாய்களைத் தாக்கும் ஒரே குடும்பத்தவை. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்ந்த ஊசி மாடு ஆடுகளுக்குப் பழக்கத்தில் உள்ளது, நாய்க்கும் போடப்படுவதுண்டு. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள். சீழ் கட்டிய நாய்க்கு மருந்து இல்லாமல் விடுவது அதைவிட ஆபத்து.

பிழைக்குமா என்பதற்கு 6.2 என்ற எண் மட்டும் பதில் சொல்லாது. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை ஐரிஸ் (மிருகங்களின் சிறுநீரக நோய்க்கான சர்வதேச வைத்தியர் சங்கம்) அளவுகோல் கிரியேட்டினினை வைத்து ஐந்து தரமாகப் பிரிக்கிறது, 5.1 முதல் 10 வரை நான்காம் தரம். நாட்பட்ட சிறுநீரக நோயை நான்கு நிலையாகப் பிரிக்கிறது. 5க்கு மேல் போனால் கடைசி நிலை. ஒரே 6.2 இரண்டிலும் வரும். முதலாவதில் அடிபட்ட குழாய்கள் வாரக் கணக்கில் ஆறி, கிரியேட்டினின் 2க்குக் கீழே இறங்கவும் வாய்ப்பிருக்கிறது. இரண்டாவதில் மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை. ஆகவே ஒப்பரேஷனுக்கு முன் எடுத்த இரத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் கிரியேட்டினின் 1.4க்குக் கீழே இருந்திருந்தால் இது பெரும்பாலும் புதிய அடி.

முன் ரிப்போர்ட் இல்லாவிட்டால் சில அடையாளங்கள் உண்டு. ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கி, மேடு பள்ளமாக இருந்தால் நாட்பட்டது. வழக்கமான அளவிலோ சற்று வீங்கியோ இருந்தால் புதியது. மாதக் கணக்கில் மெலிந்து வந்த நாய், வெளிறிய முரசு, புதிய செல்கள் உருவாகாத இரத்தசோகை எல்லாம் நாட்பட்டதன் பக்கம் சாயும். “மூன்று கிழமையாக நிறையத் தண்ணி குடிச்சது, நிறையச் சலம் போனது” என்பதை மட்டும் வைத்து நாட்பட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கருப்பைச் சீழில் இருக்கும் ஈ.கோலை கிருமியின் நச்சு, தண்ணீரைத் திருப்பி உறிஞ்சச் சொல்லும் ஹோர்மோனுக்குச் சிறுநீரகம் பணியாதபடி செய்துவிடும். அந்தத் தாகம் கருப்பையை எடுத்தபின் தானாக அடங்கக் கூடியது.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது, அதைத்தான் முதலில் விலக்க வேண்டும்: சலம் வெளியே வரும் பாதையில் கோளாறு. கருப்பையை எடுக்கும்போது சிறுநீரகத்தில் இருந்து சலப்பைக்கு வரும் குழாய் நூல்கட்டுக்குள் அகப்படுவது அரிது, ஆனால் நடப்பது. சலப்பை கிழிந்து வயிற்றுக்குள் கசிவதும் அப்படியே. நாய் சலம் போகிறது என்பதால் இது இல்லையென்று ஆகாது. ஒரு குழாய் கட்டுப்பட்டாலும் மற்றது வேலை செய்யும். வயிறு நாளுக்கு நாள் உப்பினால், பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனால், ஸ்கேன் செய்து வயிற்றுத் திரவத்தில் கொஞ்சம் எடுத்து அதிலும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் அது சலம். அதற்குத் தேவை கத்தி. எத்தனை போத்தல் சேலைன் ஏற்றினாலும் சரிவராது.

மாரியில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். ஒக்டோபர் தொடங்கித் தை வரை தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய் வயல் பக்கம் மட்டுமல்ல, நகரத்து வெள்ளக் கான்களிலும் எலிக்காய்ச்சல் கிருமி உலாவும். காய்ச்சல், மஞ்சள் கண், தசை நோவு, கிரியேட்டினின் ஏற்றம் எல்லாம் சேர்ந்தால் ஒப்பரேஷனை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் அதற்கும் மருந்து தொடங்க வேண்டும். சத்தி எடுக்கும்வரை ஊசி வழி பெனிசிலின் வகை, சாப்பிடத் தொடங்கியதும் டொக்சிசைக்ளின் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் நாளுக்கு இரு தடவை, இரண்டு கிழமை. குளிசைக்குப் பின் தண்ணீரோ சாப்பாடோ உள்ளே போக வேண்டும், இல்லையேல் அது தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சந்தேகம் தீரும்வரை சலத்தைத் துடைப்பவர் கையுறை போட வேண்டும், நிலத்தைப் பிளீச் கரைசலால் கழுவ வேண்டும். பிள்ளைத்தாச்சியும் சின்னப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போகக் கூடாது. உண்ணி மொய்க்கும் நாயென்றால் உண்ணிக் காய்ச்சலுக்கும் இரத்தம் பாருங்கள். அதுவும் சிறுநீரகத்தை அரிக்கும்.

இனி வைத்தியத்தின் நடுப்பகுதிக்கு வரலாம். கிரியேட்டினினை நாளுக்கு நாள் பார்த்து மனம் குழம்புவதைவிட இரண்டு எண்களைக் கொப்பியில் எழுதுவது அதிகம் உதவும்: காலை நிறை, 24 மணித்தியாலச் சலம். இந்த இரண்டும் தெரியாமல் ஏற்றும் சேலைன் குருட்டடி. குறைந்தால் சிறுநீரகம் வறளும், கூடினால் நுரையீரலில் தண்ணீர் கட்டும்.

நிறை பார்க்கக் கடையில் அரிசி நிறுக்கும் தட்டையான டிஜிட்டல் தராசு போதும். மேலே ஒரு பலகை வைத்து, பூச்சியமாக்கி, நாயை நிற்க விடுங்கள். மீன்காரரின் தொங்கு தராசில் துணி கட்டித் தூக்குவது லேசாகத் தெரியும். வயிற்றில் தையல் இருக்கும்போது அது கூடாது. ஆள் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறிக் கழிக்கும் முறையில் அரைக் கிலோ வரை பிசகும், இங்கே நமக்கு வேண்டியது 100 கிராம். ஒரு நாளில் ஏறும் இறங்கும் 100 கிராம் சதையோ கொழுப்போ இல்லை, அது 100 மி.லீ. தண்ணீர். தினமும் ஒரே நேரம், காலைச் சலத்துக்குப் பின், சாப்பாட்டுக்கு முன்.

சலத்தை அளக்க நீண்ட பிடியுள்ள ஆப்பை ஒன்று நல்லது. நாய் குந்தியதும் பின்னாலிருந்து தாழ்வாக நீட்டுங்கள். முன்னாலிருந்து நீட்டினால் எழும்பிவிடும். படுத்த இடத்திலேயே போகும் நாய்க்குக் கீழே குழந்தைகளின் நப்கினை விரித்து, காய்ந்த நிறையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மி.லீ. வழக்கமான அளவு கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 2 மி.லீ. உங்கள் நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 340 முதல் 670 மி.லீ. நீர்ச்சத்து சரியாக இருந்தும் நாளுக்கு 170 மி.லீ.க்குக் கீழே போனால் சிறுநீரகம் மூடிக்கொண்டு வருகிறது என்று பொருள். அந்த நேரம் வீட்டில் இருக்கக் கூடாது. சலம் போகாத நாய்க்குப் பொட்டாசியம் ஏறும், 6.5க்கு மேல் இதயத் துடிப்பு மெதுவாகி நின்றுவிடலாம். அதை இறக்குவது ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டு மெதுவாகப் போடும் கல்சியம் குளுக்கோனேட், இன்சுலின், குளுக்கோஸ் என்று கிளினிக் வேலை. ஃபுரோசமைட் ஊசி போட்டுச் சலம் வரவைத்தால் ஆறுதலாகத் தோன்றும், ஆனால் அது சிறுநீரகத்தை ஆற்றுவதில்லை. தண்ணீர் கூடிய நாய்க்கு அதை வடிக்கத்தான் உதவும்.

கையில் (முன்கால் நாளத்தில்) ஏற்றும் சேலைன் எவ்வளவு? மூன்றைக் கூட்ட வேண்டும். வறட்சி: 7 சதவீதம் வறண்ட 14 கிலோ நாய்க்கு 14 × 0.07, ஏறக்குறைய ஒரு லீட்டர். அதை 12 முதல் 24 மணித்தியாலத்தில் நிரப்பலாம். நாளாந்தத் தேவை: கிலோவுக்கு 40 முதல் 60 மி.லீ., அதாவது 560 முதல் 840 மி.லீ. போகும் சத்தி, வயிற்றோட்டம்: அள்ளி அளக்க முடிந்தவரை. வறட்சி நிரம்பியபின் சலம் குறைவான நாய்க்கு, போன சலத்தின் அளவோடு நாளுக்குக் கிலோவுக்கு 20 மி.லீ. மட்டும் கூட்டிக் கொடுப்பார்கள். மேலும் ஏற்றுவதால் சிறுநீரகம் “கழுவப்படும்” என்பது பழைய நம்பிக்கை. நிறை வறட்சி தீர்ந்த நாளின் அளவைவிட 700 கிராம் கூடினால் வேகத்தைக் குறைக்கக் கேளுங்கள். 1.4 கிலோ கூடியிருந்தால் நிலைமை மோசம். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும். 40 தாண்டினாலோ, மூக்கில் தெளிந்த நீர் வடிந்தாலோ, கண்வெள்ளை தடித்து வீங்கினாலோ நுரையீரலுக்குத் தண்ணீர் போகத் தொடங்கிவிட்டது.

உங்கள் நாய்க்கு நடந்திருப்பது இதன் மறுபக்கமாக இருக்கலாம். மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்தது, சலமும் தாராளம், ஆகவே ஊசியைக் கழற்றி வீட்டுக்கு விட்டாயிற்று. குணமாகத் தொடங்கும் சிறுநீரகத்துக்குச் சலத்தைத் தடிக்கவைக்கத் தெரியாது, தண்ணீராகக் கொட்டும். குடிக்காமல் சத்தியும் எடுக்கும் நாய் ஒரே நாளில் வறண்டு, ஆறிக்கொண்டிருந்த குழாய்கள் திரும்ப அடிபடும். சேலைனை நாளுக்குக் கால்வாசியாகக் குறைத்து, நிறை நிற்கிறதா என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே என் முதல் யோசனை: மறுபடி கையில் ஊசி போட்டு இன்னும் இரண்டு மூன்று நாள். தோலுக்கடியில் ஏற்றுவது அதற்குப் பிறகு. கடுமையாக வறண்ட நாயின் தோலில் இரத்த ஓட்டம் குறைவு, அங்கே விட்ட தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடக்கும்.

அந்தக் கட்டத்துக்கு வந்தபின் வீட்டில் செய்யும் முறை. ரிங்கர் லக்டேட் அல்லது ஹார்ட்மன் என்று போத்தலில் எழுதியிருக்க வேண்டும். பார்மசியில் எல்லாவற்றையும் சேலைன் என்றே தருவார்கள். டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதமோ டி.என்.எஸ்.ஸோ (டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சேலைன்) தோலுக்கடியில் விட்டால் நோவும், சீழும் கட்டலாம். அளவு கிலோவுக்கு 20 மி.லீ., 14 கிலோவுக்கு 280 மி.லீ.; நாளுக்கு ஒரு தடவையா ஒன்றுவிட்ட நாளா என்பதை டொக்டர் நிறை பார்த்துச் சொல்வார். இதயத்தில் முணுமுணுப்பு உள்ள நாய்க்கு இன்னும் குறைவு. போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் குளிரும் தெரியக் கூடாது. யன்னல் கம்பியில் நாயின் முதுகைவிட ஒரு மீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, குழாயில் காற்றுப் போகும்வரை திறந்து மூடுங்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் போல் தூக்கினால் பின்பக்கம் ஒரு குழி தெரியும். 18 இலக்க ஊசியை, வெட்டு வாய் மேலே பார்க்க, முதுகுக்குச் சமாந்தரமாக அந்தக் குழிக்குள் விடுங்கள். மேலே தூக்கிய விரலில் ஈரம் தட்டினால் ஊசி மறுபுறம் வந்துவிட்டது. ஓடவில்லை என்றால் ஊசியைத் தள்ளாமல் மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் 140 மி.லீ. போதும், மீதியை விலாவின் மற்றப் பக்கம் விடுங்கள். வயிற்றுத் தையலின் பக்கம் போகவே வேண்டாம், அங்கே தேங்கும் தண்ணீர் காயத்தைப் பிரிக்கும். ஊசியை எடுத்ததும் அந்தத் துளையை ஒரு நிமிடம் கிள்ளிப் பிடியுங்கள்.

இரவுக்குள் அந்தக் கட்டி முன்காலுக்கு இறங்கும், பயப்பட வேண்டாம். மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் அன்று ஏற்றாதீர்கள்; உடம்பு அதை எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம், டொக்டருக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. நம்மூர் வெக்கையில் திறந்த போத்தலை நாட்கணக்காக வைத்திருக்க வேண்டாம், இரண்டு நாளே எல்லை. கலங்கினால் உடனே கொட்டுங்கள். பாவித்த ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டுக் கிளினிக்கில் கொடுங்கள்.

சாப்பாடு. சத்தி அடங்காமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பசி இல்லாதது பிடிவாதத்தால் வருவதில்லை, குமட்டல்தான் காரணம். உதட்டை நக்குவது, வாயூறுவது, தட்டைக் கண்டதும் விலகுவது எல்லாம் அதன் அடையாளம். மாரோபிடன்ட் கிலோவுக்கு 1 மி.கி. ஊசி நாளுக்கு ஒரு தடவை, அது போதாவிட்டால் ஒன்டான்செட்ரோன் கிலோவுக்கு 0.5 மி.கி. நாளுக்கு இரண்டு மூன்று தடவை என்று சேர்ப்பார்கள். மெட்டோகுளோபிரமைட் வழக்கமான அளவில் கொடுத்தால் இந்த நாயின் உடம்பில் தேங்கி, நடுக்கமும் அமைதியின்மையும் வரும். மலம் தாராய்க் கறுத்தால் இரைப்பையில் இரத்தம் கசிகிறது: ஒமெப்ரசோல் கிலோவுக்கு 1 மி.கி., இரு வேளை, வெறும் வயிற்றில்; காப்சூலுக்குள் இருக்கும் மணிகளை அரைக்கக் கூடாது. வாயைத் திறந்து நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் ரோச் அடித்துப் பாருங்கள். புண் இருந்தால் 0.12 சதவீத குளோர்ஹெக்சிடின் நனைத்த பஞ்சால் ஒற்றிவிடுங்கள். வாய் நோகும் நாய் பசித்தாலும் சாப்பிடாது.

மீன் கஞ்சியை இன்றே நிறுத்துங்கள். சூடை, நெத்தலி, மீன் தலை, முள்ளோடு அவித்த எதுவும் பொஸ்பரஸ் மூட்டை. கருவாட்டில் அதோடு உப்பும் சேரும். எலும்பு சூப், ஈரல், பால் மூன்றும் அதே பட்டியல். வெங்காயம் உள்ளி போட்ட ரசமும் கறிக்குழம்பும் சிவப்பணுக்களை உடைக்கும். இந்த நாய்க்கு இழக்க இரத்தம் இல்லை. கோயில் பொங்கலில் முந்திரிகை வத்தல் இருக்கும், அது நல்ல நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கக் கூடியது. இளநீர் நல்லதென்று எல்லோரும் சொல்வார்கள்: 100 மி.லீ.யில் 250 மி.கி. அளவு பொட்டாசியம் இருக்கிறது. ஜீவனி என்ற வயிற்றோட்டக் கரைசலிலும் பொட்டாசியம் உண்டு. நெருஞ்சில் அவித்த தண்ணீர், பொல்பலா (சிறுபீளை) கஞ்சி இவற்றால் சலம் கூடினால் வறட்சிதான் கூடும்.

14 கிலோ நாய் படுத்தபடி உயிர்வாழ நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி வேண்டும். வீட்டில் அதை இப்படிச் சேர்க்கலாம்: அவித்த வெள்ளைப் பச்சையரிசிச் சோறு 220 கிராம், மூன்று முட்டையின் வெள்ளைக்கரு நன்றாக அவித்தது, தோலோடு அவித்த கோழித் தொடைச் சதை 25 கிராம், தேங்காயெண்ணெய் அல்லது வேறு மரக்கறி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. உப்பு இல்லை. இதில் புரதம் 23 கிராம் அளவு, பொஸ்பரஸ் 150 மி.கி. அளவு. சிவப்பரிசியைவிட இங்கே வெள்ளையரிசிதான் நல்லது. தவிட்டில் பொஸ்பரஸ் கூட. புரதத்தை இதற்குக் கீழே இறக்க வேண்டாம். காயம் ஆறவும் அது வேண்டும். புரதம் கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே எரிக்கும், அதனால் யூரியா என்ற கழிவும் இரத்தத்தில் கூடும்.

ஐந்து நாள் பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு, மூன்றாம் நாள் முழுதும். எண்ணெயை அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கணைய அழற்சி வரலாம். உடம்புச் சூட்டளவில், ஐந்தாறு சிறு வேளைகளாகக் கொடுங்கள். மருந்தை இந்தச் சோற்றில் ஒளிக்க வேண்டாம், கண்டுபிடித்த நாய் அந்தச் சோற்றையே வெறுக்கும். இதே காரணத்துக்காகக் கொழும்பில் இருந்து எடுப்பிக்கும் ஹில்ஸ் கே/டி, ரோயல் கனின் ரீனல் போன்ற சிறுநீரக நோய்க்கான உணவைக் குமட்டல் இருக்கும்போது தொடங்காதீர்கள். சிரிஞ்சால் பலவந்தமாக ஊட்டுவது எனக்கு உடன்பாடில்லை. புரையேறி நுரையீரலுக்குப் போனால் சிறுநீரகத்தைவிட அது முந்திக்கொள்ளும். சத்தி அடங்கியும் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ உணவுக்குழாய் போடக் கேளுங்கள். கேட்டதும் பயமாக இருக்கும். தண்ணீரும் மருந்தும் கலோரியும் சண்டையில்லாமல் உள்ளே போக அதைவிட நல்ல வழி இல்லை.

இந்த வீட்டுச் சோறு சில கிழமைக்கான ஏற்பாடு. கல்சியமும் விற்றமினும் அதில் போதாது. பொஸ்பரஸ் 6க்குக் கீழே வந்து, இரத்தக் கல்சியமும் பார்த்து, உயராமல் இருந்தால் பொடித்த முட்டைக்கோது கால் தேக்கரண்டி நாளாந்தச் சோற்றில் பிரித்துக் கலக்கலாம். 9.8 இல் நிற்கும்போது அதைத் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் சிறுநீரகத்திலும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் சுண்ணாம்பு படியும். இப்போதைக்குப் பொஸ்பரஸைக் கட்டுவது அலுமினியம் ஹைட்ரொக்சைட்: கிலோவுக்கு நாளுக்கு 30 முதல் 100 மி.கி., வேளைகளாகப் பிரித்து, சாப்பாட்டோடு கலந்து. சாப்பிடாத நாய்க்குக் கொடுத்தால் வீண், அது உணவில் உள்ள பொஸ்பரஸைத்தான் பிடிக்கும். பார்மசியில் கிடைக்கும் வயிற்றெரிவுப் பாணிகள் பலவற்றில் மக்னீசியமும் சேர்ந்திருக்கும்; அந்த மக்னீசியத்தை இந்தச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. லேபலை வாசித்து வாங்குங்கள்.

இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். 160க்கு மேல் நிலைத்து நின்றால் அம்லோடிபின், வழக்கமாகக் கிலோவுக்கு 0.1 மி.கி. தொடங்கி. திடீரெனச் சுவரில் முட்டினால், கண்மணி விரிந்தே நின்றால் அழுத்தம் விழித்திரையைப் பிரித்திருக்கும், அது அன்றே பார்க்க வேண்டிய விஷயம். எனலாப்ரில், பெனசெப்ரில் இப்போது வேண்டாம். வறண்ட, அடிபட்ட சிறுநீரகத்தின் வடிகட்டலை அவை இன்னும் குறைக்கும். சலத்தில் புரதம் பார்ப்பதும் தையல் ஆறித் தொற்று அடங்கியபின். இப்போது பார்த்தால் சீழும் இரத்தமும்தான் எண்ணாக வரும்.

தையல் வழக்கமாக 10 முதல் 14 நாளில் வெட்டுவது. யூரியா ஏறிய நாய்க்குக் காயம் மெதுவாகக் கூடும், இரத்தமும் லேசில் உறையாது, ஆகவே சில நாள் கூட விடச் சொல்லுங்கள். கழுத்துக் கூம்பைக் கழற்ற வேண்டாம்.

இரத்தம் முதல் கிழமை இரண்டு நாளுக்கொரு தடவை: கிரியேட்டினின், பொட்டாசியம், பொஸ்பரஸ், சிவப்பணு அளவு. பிறகு கிழமைக்கொன்று, பிறகு மாதமொன்று. ஒரே ஆய்வுகூடத்தில் கொடுங்கள். ஒரு இடம் மி.கி.யிலும் இன்னொரு இடம் மைக்ரோமோலிலும் தரும், 6.2 என்பது 548 மைக்ரோமோல். யூரியாவும் யூரியா நைட்ரஜனும் வேறு வேறு, முதலாவது இரண்டாவதைவிட இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூட. இந்தக் குழப்பத்தில் நாய் தேறியதாகவோ மோசமானதாகவோ நினைத்து மருந்தை மாற்றுவது அடிக்கடி நடக்கிறது. சிவப்பணு அளவு 20 சதவீதத்துக்குக் கீழே போனால் இரத்தம் ஏற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

பேராதனைக்குக் கொண்டுபோவதா? பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்கு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக நல்ல தூரம். குழாய் கட்டுப்பட்ட சந்தேகம், குறையாத பொட்டாசியம், உணவுக்குழாய் போட இங்கே வசதியின்மை ஆகியவற்றில் ஒன்று இருந்தால் போவது சரி. முதலில் தொலைபேசியில் பேசி, கையில் ஊசி போட்டபடி, விடியப்புறமே வெளிக்கிடுங்கள். எல்லா ரிப்போர்ட், போட்ட மருந்துகளின் பெயர், அந்த நிறைக் கொப்பி மூன்றும் கையில் இருக்க வேண்டும். அசைவில்லாமல், சலமும் இல்லாமல் கிடக்கும் நாயை அவ்வளவு தூரம் வெக்கையில் ஏற்றிக்கொண்டு போவது வைத்தியமாகாது. வறட்சி தீர்ந்தும் இரண்டு மூன்று நாளாகச் சலமே வராத நாய், வலிப்பு வரும் நாய், எல்லா மருந்துக்குப் பிறகும் ஓயாமல் சத்தி எடுக்கும் நாய் ஆகியவற்றுக்கு நோவில்லாமல் கண்ணை மூடவைக்கும் ஊசியைப் பற்றி டொக்டரிடம் வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை.

உங்கள் நாய் சலம் போகிறது, பொட்டாசியம் எல்லைக்குள் நிற்கிறது. இரண்டும் நல்ல செய்தி. கிரியேட்டினின் இறங்கத் தொடங்கினால் மூன்று மாதம் வரை இறங்கிக்கொண்டிருக்கலாம்; அதற்குப் பிறகு, நன்றாக நீர்ச்சத்தோடு இருக்கும்போது இரண்டு தடவை எடுத்த எண்ணை வைத்துத்தான் நாட்பட்ட நோயின் நிலையைக் குறிக்க வேண்டும். 1.4 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, பொஸ்பரஸ் 4.6க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, பொஸ்பரஸ் 5க்குக் கீழே. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர்ப் பாத்திரம் மூன்று இடத்தில், நிழலில் இருக்கட்டும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவர்த்தால் குழாய்த் தண்ணீரையே வையுங்கள். எலிக்காய்ச்சல் ஊசியை மாரிக்கு முன் போடலாமா என்பதை, நாய் தேறியபின், டொக்டரிடம் கேளுங்கள். வருத்தம் எதுவானாலும் புதிதாக மருந்தெழுதும் எவரிடமும் முதல் வார்த்தையாகச் சிறுநீரகக் கதையைச் சொல்லிவிட்டு, கடைசி ரிப்போர்ட்டை மேசையில் வையுங்கள்.